கார் ஹஜ்ஜுக்குப் போகவில்லை

சாய்ந்தமருதில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், அபாயாவின் ஓரத்தை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் அடக்கிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி ஸ்கூட்டி ஓட்டிப் போனால், அவளுக்குப் பழக்கியது ஸுஹைறா என்று விசாரிக்காமலே சொல்லிவிடலாம். அந்தக் கிளிப் அவளுடைய முத்திரை. சில்லுக்குள் அபாயா சிக்கி விழுந்தவர்களைப் பார்த்த பிறகு ஒரு டசின் கிளிப் வாங்கினாள். கிளிப் இல்லாமல் வருகிறவளுக்கு அன்றைக்குப் பாடம் கிடையாது.

பாடம் நடப்பது கடற்கரையோரம், சுனாமிக்குப் பிறகு வீடு கட்ட விடாத வெறும் நிலத்தில். சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் வெயில் ஏறும்வரை. முதல் நாள் எஞ்சினுக்கு உயிர் கொடுக்க மாட்டாள். ஸ்கூட்டியைத் தரையில் சாய்த்துவிட்டு, தூக்கு என்பாள். விழுந்ததைத் தூக்கத் தெரியாதவளுக்கு ஓட்டம் எதற்கு என்பது அவள் கட்சி. ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்கிறவர்கள், தையல்காரிகள், ஒரு பாடசாலை அதிபர், எல்லோரும் அந்த மணலில் மூச்சு வாங்கி நின்றிருக்கிறார்கள்.

அவளிடம் ஒரு கொப்பி உண்டு. படிக்க வந்தவளின் பெயர், தொடங்கிய திகதி, கொடுத்த காசு, கடைசிக் கட்டத்தில் 'விழுந்த தடவை'. அந்த அதிபர் ஏழு தடவை விழுந்தவர். சேட்டிபிகேட்டா தரப் போகிறீர், அந்த ஏழு என்பதை அழித்துவிடும் என்று கெஞ்சியிருக்கிறார். ஸுஹைறா அழிக்கவில்லை. அதிபர் பெயரென்றால் எண்ணிக்கை குறையுமா என்று கேட்டாளாம்.

அவள் ஓட்டப் பழகியதும் யாரும் சொல்லித் தந்து அல்ல. கணவர் மசூர் படகு எஞ்சின் திருத்துகிறவர். யாரோ திருத்தக் கொடுத்த ஒரு பழைய ஸ்கூட்டி இரண்டு கிழமை வளவில் நின்றது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுகிற ஆட்டோக்காரன் மூன்றாம் நாளாகப் பிந்தி வந்த காலை, அவள் அந்த ஸ்கூட்டியை வளவுக்குள் எட்டுத் தடவை சுற்றி, வேலியில் ஒரு தடவை முட்டி, பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மசூரின் பெண்சாதி றோட்டில் இறங்கிவிட்டாள் என்று அன்று கதைத்தவர்களின் மகள்மார்தான் பிற்காலத்தில் கிளிப்போடு வரிசையில் நின்றார்கள். அவளுக்குச் சொந்தமாக இப்போது இரண்டு ஸ்கூட்டிகள், பழக்குவதற்கென்றே வாங்கியவை. ஒன்று சிவப்பு, மற்றது முன்பு நீலமாக இருந்தது.

நான் அவளை அறிய வந்தது அவளுடைய காலால். பன்னிரண்டு வருடம் வெளிநாட்டு முதியோர் இல்லமொன்றில் ஆட்களைப் புரட்டி, துடைத்து, நடக்க வைத்துப் பழகியவள் நான். ஊருக்கு வந்த பிறகும் அந்தப் பயிற்சியை வைத்துத்தான் வீடு வீடாக நோயாளி பார்க்கிறேன். மசூர் வந்து கூப்பிட்டபோது, நோயாளி எப்படி என்று கேட்டேன். கால் உடைந்திருக்கிறது, வாய் நல்ல நிலையில் இருக்கிறது என்றார்.

நடந்தது இதுதான். மழை விட்ட ஒரு ஜனவரிக் காலை. காரைதீவுப் பக்கமிருந்து வந்த ஸுஹைறா, பிரதான வீதியில் வலப்பக்கம் தன் ஒழுங்கைக்குள் திரும்ப, சிக்னல் லைட்டைப் போட்டுக்கொண்டு நடுக்கோட்டருகே நின்றாள். பின்னால் வந்த சிறிய வெள்ளைக் கார் ஒரு பஸ்ஸை முந்தி வந்து அவளை இடித்தது. ஓட்டியவர் அப்துல் ஸமட், கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரர். அவர் இறங்கி நிற்க, கூட்டம் கூடி ஆளுக்கொரு பக்கம் சத்தம் போட, ஸுஹைறா வீதியில் கிடந்தபடி முதலில் ஸ்கூட்டியின் சுவிட்சை அணைக்கச் சொன்னாளாம். அதன் பிறகுதான் கால் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, ஆனால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையைப் பார்த்துக்கொண்டு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, ஆணி இறுக்கி, பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். நல்ல வேலை செய்திருந்தார்கள், தையலைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒரு வருடத்துக்கு அந்தக் காலில் முழுப் பாரம் கொடுத்து நிற்கக்கூடாது. அவளுடைய தொழிலோ நிற்கிற தொழில். புதிதாக ஏறுகிறவள் சாயும்போது ஸ்கூட்டியைக் காலால் முண்டு கொடுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு வருட வருமானம் அப்படியே நின்றது.

நோயாளியாக அவள் மோசம். கட்டிலில் கிடந்தபடி வீதியைக் கேட்பாள். ஒரு நாள் நான் காலைத் தூக்கித் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு ஸ்கூட்டி இருமிக்கொண்டு போனது.

"அது அம்ஹா" என்றாள். "அக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் ஒண்டாப் புடிக்கிறாள். எத்தின தரம் சொன்னன் கா ராத்தா."

அக்கா முறையில் என்னை அவள் ராத்தா என்பாள். கால் வலிக்கிறதா என்று கேட்டால், அடுத்து வருகிற ஸ்கூட்டி யாருடையது என்று சொல்வாள்.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் ஸமட் பார்க்க வந்தார். ஒரு கையில் அப்பிள் பை, மறு கையில் நெஸ்டமோல்ட் சத்துமா டின். கதிரையில் உட்காரவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களில் அவர் பெயரும் வந்திருந்தது. எங்கள் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர், போகுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி இறங்குவார். அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பார். பொருந்துவது என்றால் எங்களுக்கு மன்னிப்பது. நாளை மறுமையில் இவர் எனக்கு இதைச் செய்தார் என்று வழி மறிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது. கேட்டால் இல்லையென்று சொல்கிறவர் குறைவு.

"மகள், உங்கட கால உடைச்சிட்டு நான் எப்படி அங்க போய் நிக்கிற?" என்றார். "என்னப் பொருந்திக்கங்க."

"பொருந்திட்டன் மாமா. போயிட்டு வாங்க. அங்க என்ட காலுக்கும் துஆ செய்ங்க. ரெண்டு காலுக்கும் சேத்துச் செய்ங்க, ஒண்டு மட்டும் பலமா வந்தா ஸ்கூட்டி ஒரு பக்கம் இழுக்கும்."

மனிதர் அழுதுகொண்டே சிரித்தார். நெஸ்டமோல்ட்டை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் மசூர், ஆஸ்பத்திரித் துண்டுகளையும் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் வைத்து, அந்தக் காருக்குக் காப்புறுதி செய்த கம்பனிக்கு நட்டஈடு கேட்டு ஒரு கடிதம் கொடுத்திருந்தார். யாரோ சொல்லிக் கொடுத்தது, நல்ல விஷயம். வீதியில் ஓடுகிற எந்த வாகனத்துக்கும், அது மற்றவருக்குச் செய்யும் காயத்துக்கான காப்புறுதி சட்டப்படி இருந்தாக வேண்டும். எங்களில் பலர் அதை வருடாந்தம் கண்ணாடியில் ஒட்டுகிற ஒரு காகிதமாக மட்டுமே அறிவோம்.

கம்பனியிலிருந்து நல்லரெத்தினம் என்ற உத்தியோகத்தர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கல்முனைக்கு வந்து மூன்று மாதம். பண்பான மனிதர், செருப்பை வாசலுக்கு வெளியே நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். ஸ்கூட்டி பழக்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று முகம் சுருங்கினாலும், தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். சிக்னல் போட்டாளா, எவ்வளவு நேரம் நின்றாள் எல்லாம் எழுதினார். கடைசியாகத்தான் அதைக் கேட்டார்.

"கார்க்காரர் உங்களை வந்து பாத்தவரோ அம்மா?"

"ஓம், வந்தார். பொருந்தச் சொல்லிக் கேட்டார்."

"நீங்கள் பொருந்திட்டியளோ?"

"ஓம், பொருந்திட்டன்."

"ஒருத்தரும் வற்புறுத்தேல்லையே?"

"வற்புறுத்தி வாற சாமானா அது? மனசாரத்தான்."

மனிதருக்கு ஆச்சரியம் போல. நல்ல விஷயம், இப்படி எல்லோரும் இருந்தால் எங்களுக்கு வேலை லேசு என்று சொல்லிவிட்டு எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். 'எதிர்த்தரப்பினரின் வேண்டுகோளுக்கு அமைய, மேற்படி விபத்துத் தொடர்பாக முழு மனதுடன் பொருந்திக்கொண்டேன்.' ஸுஹைறா தலையாட்டினாள். சாய்ந்து கையெழுத்துப் போட வசதியாக நான்தான் தலையணையை நிமிர்த்திக் கொடுத்தேன். அந்த வசனத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

ஆறு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. தாங்கள் வாகன உரிமையாளருடன் ஏற்கெனவே இணக்கத்துக்கு வந்து விடயத்தை முடித்துக்கொண்டதாக வாக்குமூலம் அளித்துள்ளமையால், நட்டஈட்டுக் கோரிக்கையைத் தொடர்ந்து பரிசீலிக்க முடியாதுள்ளது. மசூர் அதை மூன்று தரம் வாசித்தார். எந்த இணக்கம், என்ன முடிப்பு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஸமட் ஒரு சதமும் தரவில்லை, இவர்கள் கேட்கவும் இல்லை.

கடிதத்தைவிட வேகமாகக் கதை பரவியது. அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால், அல்லாஹ்வுக்காகப் பொருந்தினாவாம், இன்சூரன்ஸுக்காக மாத்தினாவாம் என்றாள். இன்னொரு பக்கத்தில், ஸுஹைறா டீச்சரே தன்னில் பிழை என்று ஒத்துக்கொண்டு கையெழுத்து வைத்துவிட்டா என்று கதை. அதுதான் அவளைச் சுட்டது. சிக்னல் போடாமல் திரும்பியவள் என்று பெயர் வந்தால், கால் சுகமான பிறகும் அவளிடம் யார் பழக வருவார்கள்? காத்திருக்கிறோம் என்று சொல்லியிருந்த நாலு பெண்களில் இருவர் அந்தக் கிழமையே வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

மசூரின் உழைப்பு சாப்பாட்டுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போதும், மருந்துக்கும் என் கூலிக்கும் போதாது. மருதமுனையிலிருந்து ஒருவர் இரண்டு ஸ்கூட்டிகளையும் விலை பேச வந்தார். யன்னலால் அவளுக்கு எல்லாம் கேட்டது.

"டயர உதைக்கிறான் பாருங்க ராத்தா" என்றாள். "கால் இரிக்கிற திமிர்."

அந்த ஆள் ஒரு மாத அவகாசம் கேட்டார். மாத முடிவில் காசோடு வருவார், ஸ்கூட்டிகள் போகும். அவை போனால் ஸுஹைறா டீச்சர் என்ற ஆளும் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நோயாளி பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், எலும்பு பொருந்துவதற்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடற்பயிற்சி செய்யச் சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அந்த மாதம் முடிகிற தறுவாயில் அவள் இரண்டு நாள் அப்படித் திரும்பிக் கிடந்தாள். மூன்றாம் நாள் நான் வோக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, விளங்காத காகிதத்தை விளங்குகிறவரிடம் கொண்டு போவோம் என்றேன்.

விளங்குகிறவர் கொப்பியிலேயே இருந்தார். சட்டத்தரணி ஆகிலா, விழுந்த தடவை நான்கு. ஆட்டோவின் பின் சீட் முழுக்கக் காலை நீட்டி அவள் இருக்க, நான் முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டு, கல்முனைக்குப் போனோம்.

ஆகிலா கடிதத்தைப் பார்த்தார். வாக்குமூலத்தின் பிரதியையும் பார்த்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்து, இந்த 'பொருந்திக்கொண்டேன்' யாருடைய சொல் என்று கேட்டார். என்னுடையதுதான் என்றாள் ஸுஹைறா. எழுதியவர் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி. யாழ்ப்பாணம் என்றோம். ஆகிலா பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்களுக்குப் பொருந்துவது மன்னிப்பது. நல்லரெத்தினத்துக்குப் பொருந்துவது உடன்படுவது, கணக்கை முடித்துக்கொள்வது. மனசாரத்தான் என்று இவள் சொன்னதும் அந்த மனிதர் கோரிக்கையையே மூடிவிட்டார்.

பிறகு ஆகிலா சொன்னவற்றை நான் மனதில் வைத்துக்கொண்டேன், அதன்பின் பல வீடுகளில் பயன்பட்டது. காயத்துக்கான நட்டஈட்டை இடித்தவர் பையிலிருந்து தர வேண்டும் என்பதில்லை, அதற்காகத்தான் காப்புறுதி. கம்பனி தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், ஆனால் விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள். வழக்குப் போட்டால் கம்பனிக்கும் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும், தாமதித்தால் கம்பனி கையை விரித்துவிடும். மருந்துத் துண்டு, ஆட்டோத் துண்டு, பார்த்துக்கொண்ட ஆளுக்குக் கொடுத்த கூலி, எல்லாவற்றையும் எறியாமல் வைக்க வேண்டும். இழந்த வருமானத்துக்கும் கேட்கலாம், அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஸுஹைறா கொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். ஆகிலா தன் பெயரைத் தேடிப் பார்த்து, நான்கா, மூன்று அல்லவா என்றார்.

"வேலியில முட்டினதும் சேத்தி" என்றாள் ஸுஹைறா.

இன்சூரன்ஸ் காசு மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று ஊரில் கதைக்கிறார்களே என்றும் கேட்டாள். அதை மௌலவியிடம்தான் கேட்க வேண்டும் என்றார் ஆகிலா. அன்று மாலையே மசூர் பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். காயத்துக்கு ஈடு வாங்குவது மார்க்கத்தில் பழைய விஷயம், தியத் என்று அதற்குப் பெயரே இருக்கிறது, உடைந்த காலுக்கு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று மௌலவி சொல்லியிருந்தார். அடுத்த வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி மசூர் அதை வளவில் நின்று இரண்டு தரம் சொன்னார்.

ஆனால் கையெழுத்து வைத்த வாக்குமூலம் கோப்பில் கிடந்தது. இவள் மட்டும் போய் அர்த்தம் வேறு என்றால், காசுக்காகக் கதையை மாற்றுகிறாள் என்பார்கள். என்ன கேட்டேன், எதற்குக் கேட்டேன் என்று கேட்டவரே சொன்னால்தான் நிற்கும் என்று கந்தோரில் வைத்தே சொல்லியிருந்தார் ஆகிலா. ஸமட் ஹஜ்ஜுக்குப் புறப்பட ஒன்பது நாள் இருந்தது. ஸ்கூட்டிக்காரர் காசோடு வர ஐந்து நாள்.

அடுத்த நாளே ஹாட்வெயார் கடைக்குப் போனோம். வோக்கரை ஊன்றி அவள் உள்ளே ஏறியதும், மேசையிலிருந்த ஸமட்டின் மகன் பர்ஹான் எழுந்து வந்து வழியில் நின்றுகொண்டான். கெட்ட பிள்ளை அல்ல. வாப்பாவின் மேல் பொலிஸ் போட்ட கவனயீன வழக்கு அடுத்த மாதம் வரவிருந்தது. யாரோடும் அதைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று அவர்களுடைய சட்டத்தரணி சொல்லியிருந்தார். வந்த விஷயத்தை ஸுஹைறா சொன்னாள்.

"நீங்கதான் பொருந்திட்டீங்களே ராத்தா" என்றான் பர்ஹான். "பொருந்தினதத் திருப்பி எடுக்கலாமா?"

"நான் எங்க திருப்பி எடுத்த? பொருந்தினது உங்கட வாப்பாவ. கார இல்ல."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்ல. வாப்பா ஹஜ்ஜுக்குப் போறார். கார் போகல்ல. கார் இஞ்சதான் நிக்கிது, அதுக்குக் கம்பனி இரிக்கி."

கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். பர்ஹானுக்கும் வாய்க்கோடியில் வந்தது, அடக்கிக்கொண்டான். கோர்ட்டில் வாப்பா மாட்டிக்கொள்வாரே, இந்த வயதில் அவருக்கு அது வேண்டுமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஸுஹைறா ஒரு சிமெந்துப் பேக்கின்மேல் மெல்ல உட்கார்ந்தாள். நான் கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். வீங்கியிருந்தது.

ஸமட் அதுவரை பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மெல்ல வந்து, கம்பனிக் கடிதத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் படித்தார்.

"என்ட மன்னிப்ப வச்சா உங்கட கோரிக்கைய மூடினவங்க?"

"ஓம் மாமா."

"அப்ப நான் பொருத்தம் கேக்க வந்ததால உங்களுக்கு நட்டம்."

கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். அவர் மகனைப் பார்த்தார்.

"சிக்னல் லைட் மின்னினத நான் கண்டன் பர்ஹான். கண்டுதான் முந்தின. பஸ்ஸுக்குப் பின்னால நிக்கப் பொறுமை இல்ல. இத மறைச்சிட்டு ஹஜ்ஜில அரஃபா மைதானத்தில நிண்டு என்னத்தக் கேக்கிற?"

பர்ஹான் மேசைச் சாவியை எடுத்து, கடையைப் பார்த்துக்கொள்ளும்படி ஆணிக்காரரிடம் கொடுத்தான். காரை அவனே எடுத்தான். வாப்பாவை முன் சீட்டில் ஏற்றினான், பின் சீட்டில் காலுக்கு இடம் பார்த்தான். கம்பனிக் கிளை நாலு தெரு தள்ளித்தான். அவளை இடித்த காரிலேயே நாங்கள் போனோம். பின்னாலிருந்து ஸுஹைறா, கண்ணாடியைப் பார், சிக்னலைப் போடு, இப்ப திரும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் அப்படியே செய்தான்.

நல்லரெத்தினம் எங்களைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். ஸமட் சுருக்கமாகச் சொன்னார். தான் கேட்டது அல்லாஹ்வுக்காக மன்னிப்பு. ஒரு இணக்கமும் பேசவில்லை, ஒரு சதமும் கொடுக்கவில்லை. பிழை தன்னுடையது. எழுதித் தரட்டுமா?

நல்லரெத்தினம் பழைய வாக்குமூலத்தை எடுத்து அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தார். காது சிவந்துவிட்டது.

"எங்கட பக்கத்தில பொருந்துறதெண்டா ஒத்துப்போறதம்மா" என்றார். "நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேணும்."

"எனக்கும் ஒரு கேள்வி கேக்கத் தோணல்ல" என்றாள் ஸுஹைறா. "ரெண்டு பேரும் தமிழ்தானே கதைக்கிறம் எண்டு நினைச்சன்."

புதிய வாக்குமூலம் எழுத ஒரு மணித்தியாலம் சென்றது. இந்த முறை அவர் ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, இதற்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேட்டார். 'கால் போய்விட்டது' என்று அவள் சொன்ன இடத்தில், எங்கே போனது என்று எழுதவா என்று கேட்டு, பிறகு தானே சிரித்தார். ஸமட் தன் கையால் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வைத்தார். ஆகிலா தன் கோரிக்கைக் கடிதத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து மேலே அனுப்பினார்.

ஸமட் எழுதிக் கொடுத்த விஷயம் சந்தைக்குள் அன்றைக்கே எட்டியது. டீச்சரில் பிழையில்லை என்று ஆணிக்காரர் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆணியோடு சேர்த்துக் கொடுத்தார். விலகிப் போன இருவரில் ஒருத்தி, எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினாள். ஐந்தாம் நாள் மருதமுனைக்காரர் காசோடு வந்தபோது, ஸ்கூட்டி விற்பதற்கில்லை என்று யன்னலால் பதில் போனது. கம்பனி இன்னும் ஒன்றும் தந்திருக்கவில்லை. தரும் என்ற நிச்சயமும் இல்லை. மசூர் என்னைப் பார்த்தார். என் கூலி காத்திருக்கும், ஆனால் துண்டு எழுதித் திகதி போட்டுத் தாருங்கள், அதுவும் கோப்புக்குப் போக வேண்டும் என்றேன்.

ஸமட் குறித்த நாளில் ஹஜ்ஜுக்குப் போனார். திரும்பி வந்து நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்று, தண்டம் கட்டி, கார்ச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டார். இப்போது பஸ்ஸில் போகிறார், முந்துகிற கார்களைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு. எங்களுக்குப் பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் வந்தன. இரண்டு காலுக்கும் துஆ கேட்டதாகச் சொன்னார்.

கம்பனியின் பதில் வரப் பதினொரு மாதம் சென்றது. கேட்ட தொகையில் குறைத்துத்தான் தந்தார்கள். வழக்குப் போட்டால் கூடக் கிடைக்கலாம், வருடங்கள் இழுக்கலாம் என்று ஆகிலா இரண்டையும் எடுத்துச் சொன்னார். ஸுஹைறா ஒரு நாள் யோசித்து, தந்ததை எடுத்துக்கொண்டாள். வைத்தியக் கடனும் என் கூலியும் தீர்ந்தன. சிவப்பு ஸ்கூட்டிக்குப் பின்னால் இருபுறமும் சிறிய சில்லுப் பூட்டினார் மசூர், இனி அவள் காலால் முண்டு கொடுக்கத் தேவையில்லை. வருமானக் கணக்குக்கு அந்தக் கொப்பியைக் கம்பனி ஆதாரமாக ஏற்றது. விழுந்த தடவைக் கட்டத்தை மேலிடத்தில் யாரோ பென்சிலால் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.

என் வேலை அங்கே முடிந்துவிட்டது. உடைந்த வலது கால் சற்றுக் கட்டை, செருப்பின் அடியில் ஒரு தட்டு வைத்துச் சமப்படுத்தியாயிற்று. போன கிழமை அவ்வழியால் இன்னொரு நோயாளியிடம் போகையில் கடற்கரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். ஸுஹைறா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விசில் ஊதிக்கொண்டிருந்தாள். நல்லரெத்தினத்தின் மனைவி நீல ஸ்கூட்டியில் வந்து, வளைவில் தடுமாறி, மெல்லச் சாய்ந்தாள். ஆளுக்கு ஒன்றுமில்லை. சிக்னல் லைட்டின் கண்ணாடி உடைந்து மணலில் கிடந்தது. கணவர் வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார் போல, எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு அந்தச் சொல்லையே எடுத்தாள்.

"பொருந்திக்கொள்ளுங்கோ டீச்சர்."

"உங்களப் பொருந்திட்டன்" என்றாள் ஸுஹைறா, கொப்பியைத் திறந்தபடி. "ஸ்கூட்டிய இல்ல. நாளைக்கு வரக்க கண்ணாடி ஒண்டு வாங்கிட்டு வாங்க."